மறுவீட்டுச் சொதியும் மிஷினுக்குள் வந்த கழனித் தண்ணியும்

போன தை மாதம் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். மறுவீட்டுச் சாப்பாடு எங்கள் வீட்டில். திருநெல்வேலிக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்லவேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: கல்யாணத்துக்கு மறுநாள் சம்பந்தக்காரர்களுக்குச் சொதி போடாமல் அனுப்பினால் அது காலத்துக்கும் பேச்சாகிவிடும். பதினைந்து தேங்காய் துருவி, முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாகப் பிழிந்து, பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் போட்டு, இறக்கும்போது எலுமிச்சம்பழம் பிழிந்து, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல் வைத்து, முப்பது பேர் சாப்பிட்டார்கள். கடைசிப் பந்திக்கு இலை தீர்ந்துபோய் எவர்சில்வர் தட்டை எடுத்தோம். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அன்று ராத்திரி ஏனம் கழுவுகிற மிஷின் இரண்டு நடை ஓடியது. மறுநாள் விடிகாலை கதவைத் திறந்த என் மனைவி, "இங்க வந்து பாருங்க" என்றாள். அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குச் சாம்பல் நிறத் தண்ணீர். மேலே எண்ணெய்க் கண்கள். தட்டுகள் கழுவின மாதிரியும் இருந்தன, கழுவாத மாதிரியும் இருந்தன.

இந்த மிஷின் வீட்டுக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 ஊரடங்கில் ஏனம் விளக்க வருகிற அக்காவால் வர முடியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. அங்கணத்தில் ஏனம் மலையாகக் குவிந்து, யார் கழுவுவது என்பதில் பேச்சு முற்றி, கடைசியில் டிஷ்வாஷர் வாங்கினோம். நாட்டில் பல வீடுகளில் அந்த வருஷம் இதே கதைதான் நடந்திருக்கிறது. அம்மாவுக்கு மட்டும் அது இன்றைக்கு வரைக்கும் பிடிபடவில்லை. "நாரு போட்டுத் தேய்க்காம எப்படிப் போவும்?" என்பாள். நியாயமான கேள்விதான். 1850-இல் அமெரிக்காவில் முதல் காப்புரிமை வாங்கிய ஜோயல் ஹவ்டனின் மர மிஷின், கையால் சுற்றினால் பாத்திரத்தின்மேல் தண்ணீரை வாரி அடிக்கும். அழுக்கு போனால் உண்டு. ஜோசஃபின் காக்ரேன் என்ற அம்மையார்தான் தட்டுகளைக் கம்பிக் கூடையில் அசையாமல் நிறுத்தி, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தால் போதும் என்று செய்து காட்டி, 1886 டிசம்பர் 28-இல் காப்புரிமை வாங்கினார். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அதைப் பார்வைக்கும் வைத்தார். அவர் கண்ட வழியில்தான் இன்றைய மிஷினும் ஓடுகிறது. அந்த அம்மையார் முருங்கைக்காய் சாப்பிட்டிருக்க வாய்ப்பில்லை.

கம்பெனிக்குப் போன் செய்தேன். ஆள் வர ஐந்து நாளாகும் என்றார்கள். வந்து எட்டிப் பார்ப்பதற்கே தனிக் கட்டணம். வீடு நிறைய விருந்தாட்கள். நானே இறங்கினேன்.

முதல் வேலை, சுவரில் பிளக்கைப் பிடுங்குவது. சுவிட்சை அணைத்தால் போதாது, பிடுங்கியே ஆகவேண்டும். பிறகு டம்ளராலும் பழைய துண்டாலும் தண்ணீரை இறைத்தேன். அடியில் இருக்கிற வடிகட்டியைத் திருகி எடுத்தால் அதில் ஒரு திரளை சோறு, கடுகு, தேங்காய்ப் பூ. பழைய பல்துலக்கியால் தேய்த்து அலசினேன். வடிகட்டி இருந்த குழிக்குள் ஒரு ஓரத்தில் சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கரண்டிக் காம்பால் நெம்பினால் கழிவுநீர்ப் பம்பின் விசிறி தெரியும். கையை விடுமுன் டார்ச் அடித்துப் பாருங்கள். உடைந்த கண்ணாடி டம்ளரின் சில்லு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

எங்கள் விசிறியில் முருங்கைக்காய் நார் சுற்றியிருந்தது. ராட்டையில் நூல் சுற்றின மாதிரி அப்படி ஒரு நேர்த்தி. நடுவில் கறிவேப்பிலை ஈர்க்கு ஒன்று கடையாணி போலக் குத்திக்கொண்டு நின்றது. இடுக்கியால் ஒவ்வொன்றாக உருவினேன். விசிறியை விரலால் சுற்றினால் தடக், தடக்கென்று நின்று நின்றுதான் சுற்றும். பழுது என்று பயந்துவிட வேண்டாம். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படி. சுற்றவே மாட்டேன் என்றாலோ, எந்தப் பிடிப்பும் இல்லாமல் வழவழவென்று சுற்றினாலோதான் கவலைப்படவேண்டும்.

எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, வெறுமனே அலசுகிற சின்னச் சுற்று ஒன்றை ஓட்டினேன். தண்ணீர் போய்விட்டது. போகும்போது பக்கத்துச் சிங்கில் கொஞ்சம் தண்ணீர் ஏறி இறங்கியதைப் பார்த்தேன். பொருட்படுத்தவில்லை. அந்த நாரை ஒரு தட்டில் வைத்து வீட்டில் எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு வந்த பெரியப்பா ஊருக்குத் திரும்பாமல் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். வீரவநல்லூரில் கன்னடியன் கால் பாசனத்தில் நாற்பது வருஷம் காரும் பிசானமுமாக இரண்டு போகம் நெல் விளைவித்தவர். எழுபத்தெட்டு வயது. அடுக்களை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து நான் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். நாரைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "சரிதான். தண்ணி எங்குன வருது, எங்குன போவுது?" என்றார்.

"பின்னாடி ஒரு குழாய்ல வருது. இன்னொரு குழாய்ல சிங்குக்கு அடியில போய்ச் சேருது."

"அங்க பாத்தியா?"

"பாக்கல. அடைப்புதான் எடுத்தாச்சே."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ள ஆரம்பித்தார்.

மறுநாள் காலை திறந்தால் அடியில் மறுபடியும் தண்ணீர். முந்தின நாள் ராத்திரி நாங்கள் மிஷினை ஓட்டவே இல்லை! உள்ளே ஒரு டம்ளர்கூட இல்லை. அதைவிட, இந்தத் தண்ணீர் வேறு நிறம், வெள்ளையாக. வால்வு ஒழுகுகிறதோ என்று முதலில் நினைத்தேன். உள்ளே தண்ணீர் விடுகிற வால்வு சரியாக மூடாவிட்டால், மிஷின் சும்மா இருக்கும்போதே தொட்டியில் சொட்டுச் சொட்டாகச் சேரும். அது உண்மையிலேயே வருகிற பழுதுதான். புது வால்வு என்ன விலை என்று போனில் தேட ஆரம்பித்துவிட்டேன்.

பெரியப்பா குனிந்து, ஒரு விரலை விட்டு, முகர்ந்து பார்த்தார்.

"ஏல, மிஷினுக்குள்ள யாரு அரிசி களஞ்சா?"

"என்ன பெரியப்பா சொல்லுதீய?"

"இது கழனித் தண்ணிலா!"

எனக்குச் சுரீர் என்றது. முந்தின நாள் சாயங்காலம் அம்மா இட்லிக்கு அரிசி களைந்தது சிங்கில். குழாய்த் தண்ணீர் உள்ளே ஒழுகியிருந்தால் அது தெளிவாக இருந்திருக்கும். கழனித் தண்ணி மிஷினுக்குள் வர ஒரே வழிதான் உண்டு: போன வழியாகவே திரும்பி வருவது.

"கடைமடை அடைச்சிக் கெடக்கு. நீ தலைமடைல நின்னுக்கிட்டு மம்பட்டி போட்டா என்ன ஆவும்?" என்றார். நாற்பது வருஷம் தண்ணீரோடு மல்லுக்கட்டியவருக்கு இது பெரிய கண்டுபிடிப்பெல்லாம் இல்லை. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு. கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டத்தில் முடிகிறது. ஒவ்வொன்றிலிருந்தும் கால், காலிலிருந்து மடை, மடையிலிருந்து வயல், வயலிலிருந்து வடிகால். வயலில் தண்ணீர் ஏறி நின்றால் அவர் போய்ப் பார்ப்பது வயலையல்ல, வடிகாலை. என் மிஷின் அவர் கண்ணுக்கு ஒரு சின்ன வயலாகத்தான் தெரிந்திருக்கிறது. எனக்கோ அது கம்ப்யூட்டராகத் தெரிந்தது.

அவர் சொன்னதைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. சிங்குக் குழாயோடு மிஷினின் வடிகுழாய் சேருகிற இடத்தில் அதைக் கழற்றி ஒரு வாளிக்குள் பிடித்துக்கொண்டு, மிஷினைத் தண்ணீரை மட்டும் வெளியேற்றச் சொல்லவேண்டும். பல மிஷின்களில் ஸ்டார்ட் பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் போதும். வாளிக்குள் பீறிட்டுக் கொட்டினால் பம்பும் குழாயும் நன்றாக இருக்கின்றன, அடைப்பு சிங்குப் பக்கம். சொட்டினால் அடைப்பு மிஷின் பக்கம். எங்களுக்குப் பீறிட்டது. என் வேட்டி நனைந்தது. இந்த ஒரு சோதனையை முதல் நாளே செய்திருந்தால் வேலை அன்றைக்கே முடிந்திருக்கும்.

சிங்குக்கு அடியில் புட்டி மாதிரி ஒன்று தொங்கும், பாட்டில் ட்ராப் என்பார்கள். கீழே வாளியை வைத்துக்கொண்டு அதைத் திருகிக் கழற்றினேன். உள்ளே வெள்ளை மெழுகு. நிஜ மெழுகு போலவே கெட்டியாக, புட்டியின் வடிவத்திலேயே வார்த்தெடுத்தது போல விழுந்தது. முகர்ந்தால் தேங்காய் வாசம். பதினைந்து தேங்காயின் பாலில் இருந்த கொழுப்பு!

நடந்தது இதுதான். மிஷின் அறுபது, எழுபது டிகிரி சூட்டில் கழுவுகிறது. அந்தச் சூட்டில் சட்டியில் ஒட்டின சொதியின் கொழுப்பெல்லாம் உருகித் தண்ணீரோடு போகிறது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே வந்தால் உறையும். தை மாத விடிகாலையில் எங்கள் ஊரிலேயே எண்ணெய்ப் புட்டி உறைந்து நிற்கும் என்றால், சுவருக்குள் ஓடுகிற குழாயைப் பற்றிச் சொல்லவேண்டுமா? நல்லெண்ணெய் இந்த வேலை செய்யாது; அது இந்தக் குளிரில் உறையாது. கையால் கழுவிய காலத்தில் சாம்பலையும் சீயக்காயையும் போட்டு வழித்து அங்கணக்குழியில் விட்டோம். அது நேரே வாறுகாலுக்குப் போய்விடும். வளைவும் நெளிவும் அப்போது கிடையாது.

திரும்பி வந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. மிஷினைப் பொருத்தியவர் வடிகுழாயைத் தரையோடு தரையாக இழுத்துவிட்டுப் போயிருந்தார். அந்தக் குழாய் முதலில் மேலே ஏறி, சிங்கு மேடையின் அடிப்பலகை வரைக்கும் போய் வளைந்து, அப்புறம்தான் இறங்கிச் சிங்குக் குழாயில் சேரவேண்டும். அப்படி ஒரு மேடு இருந்தால், சிங்கில் கொஞ்சம் அடைத்தாலும் கழிவு அதைத் தாண்டி எளிதில் மிஷினுக்குள் வராது. தண்ணீர் திரும்பாமலிருக்கப் பல மிஷின்களில் ஒரு ரப்பர் மடலும் உண்டு. ஆனால் கொழுப்பு படிந்தால் அது சரியாக மூடாது. குழாயைத் தூக்கி, பலகையில் ஒரு கிளிப் அடித்து மாட்டினேன். பெரியப்பா, "வரப்பு போட்டாச்சா?" என்றார்.

இதோடு முடித்திருந்தால் நான் வீரன். ஆனால் தொட்டிக்குள் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தது. வெறுமனே ஒரு சுற்று ஓட்டிவிடலாம் என்று, மிஷினுக்கான மாத்திரை தீர்ந்துபோனதால், கையால் கழுவுகிற எலுமிச்சம்பழ வாசனைத் திரவத்தை ஒரு முடக்கு ஊற்றினேன். ஒரே ஒரு முடக்குதான்.

பத்து நிமிஷத்தில் கதவின் அடியிலிருந்து நுரை வந்தது. குற்றால அருவி மாதிரி என்று சொன்னால் மிகை. மணிமுத்தாறு அருவி அளவுக்கு இருந்தது. மிஷினுக்கான சோப்பில் நுரை வராதபடி பார்த்துச் செய்திருப்பார்கள். நுரைத்தால் பம்பு தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை இழுக்கும், பீய்ச்சும் வேகம் போய்விடும், நுரை இடுக்கு வழியாக வழிந்து மிஷினின் அடித்தட்டில் இறங்கும். அடித்தட்டில் தண்ணீர் சேர்ந்தால் அங்கே இருக்கிற தெர்மாகோல் மிதவை மேலே எழும்பி ஒரு சுவிட்சைத் தட்டும். வீடு வெள்ளக்காடாகாமல் இருக்க அந்த ஏற்பாடு. உடனே திரையில் "ஈ 15" என்று வந்தது. "ஈயா? பதினஞ்சு ஈயா?" என்றாள் அம்மா. அவள் கிண்டல் செய்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இந்த நிலைமையில் எங்கள் மிஷின் உள்ளே தண்ணீரை விடாது, ஆனால் வெளியேற்றும் பம்பு நிற்காமல் ஓடிக்கொண்டேயிருக்கும். பொத்தானை அழுத்தினாலும் கேட்காது. பிளக்கைப் பிடுங்கி, வரும் தண்ணீரை அடைத்து, நானும் மைத்துனனுமாக மிஷினை வெளியே இழுத்து, ஒரு பக்கமாகப் பைய சாய்த்தோம். ஒற்றை ஆளாகச் செய்யாதீர்கள். நாற்பது கிலோவுக்குக் குறையாத சாமான் அது. அடித்தட்டிலிருந்து நுரையும் தண்ணீரும் தரையில் கொட்டின. துடைத்து, மிதவை இறங்க ஒரு ராத்திரி காயவிட்டோம். காலையில் ஈ பறந்துவிட்டது. தொட்டிக்குள் மிச்சமிருந்த நுரை போக, பச்சைத் தண்ணீரில் நாலு தடவை அலசி வெளியேற்றவேண்டியிருந்தது. சாய்த்துத் தண்ணீரைக் கொட்டின பிறகும் அந்த எழுத்து அடிக்கடி வந்தால், உள்ளே ரப்பர் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். அது நம் வேலையல்ல, ஆளைக் கூப்பிட்டுவிடுங்கள்.

மிஷின் வெளியே வந்ததும் நல்லதாயிற்று. பின்னால் தண்ணீர் வருகிற குழாயின் மூட்டில் விரல் நகம் அளவுக்கு ஒரு சல்லடை இருக்கும். கழற்றினால் செம்பழுப்பாக வண்டல். 2023 மார்கழி பிறந்த கையோடு, டிசம்பர் 17, 18-இல் வந்த வெள்ளத்தை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள் மூழ்கிக் கிடந்தது. தண்ணீர் வடிந்த பிறகும் எங்கள் வீட்டுக் குழாயில் கொஞ்ச நாள் காப்பி நிறத்தில்தான் வந்தது. அப்போது புகுந்த வண்டல் இத்தனை நாள் அந்தச் சல்லடையில் உட்கார்ந்திருக்கிறது. மிஷின் தண்ணீர் பிடிக்க நேரமாகிறதே என்று நாங்கள் குறைபட்டுக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுதான். குழாயடியில் காட்டியதும் போய்விட்டது.

கடைசியாக உப்பு. இதில்தான் பெரியப்பாவுக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை.

எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீர். கீழ்த்தொட்டியில் ஆற்றுத் தண்ணீர், அது வராத நாளில் போர். ஆற்றுத் தண்ணீர் இலேசானது. அல்வாவின் ருசிக்கே அதுதான் காரணம் என்று ஊரில் அடித்துச் சொல்வார்கள். போர்த் தண்ணீர் உப்பு. டம்ளர் காய்ந்தால் வெள்ளை பூக்கும். மிஷினுக்குள் ஒரு பிசின் டப்பா இருக்கிறது. தண்ணீரிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் அந்தப் பிசின் மணிகள் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் நிறைந்துபோனால் உப்புக் கரைசலால் கழுவிப் புதுப்பிக்கவேண்டும். உப்புப் போடுவது அதற்குத்தான், பாத்திரம் தேய்க்க அல்ல. வாங்கின அன்று மிஷினைப் பொருத்தியவர் ஆற்றுத் தண்ணீருக்கு என்று கடினத்தன்மை அளவைக் குறைத்து வைத்துவிட்டுப் போனதை நாங்கள் மாற்றவே இல்லை. கோடையில் போர்த் தண்ணீர் ஓடின மாதங்களில் கண்ணாடி டம்ளரெல்லாம் மங்கியது அதனால்தான்.

இருநூறு ரூபாய்க்கு விற்கிற டி.டி.எஸ். மீட்டரை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். அது கரைந்திருக்கிற எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும். கடினத்தன்மை தனிக் கணக்கு. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது, வேறு தண்ணீருக்கு வழியில்லையென்றால் 600 வரை ஏற்கலாம். காகிதப் பட்டையை நனைத்து நிறம் பார்க்கிற சோதனை கடைகளில் கிடைக்கும். இரண்டு தண்ணீரையும் பார்த்துவிட்டு, மோசமானதற்கு ஏற்ற மாதிரி மிஷினில் அளவை வைத்துவிடுங்கள்.

பாக்கெட் உப்பின் விலையைப் பார்த்துப் பெரியப்பா அசந்துபோனார். "தூத்துக்குடிய பக்கத்துல வச்சுக்கிட்டு உப்ப விலைக்கு வாங்குதியே, சவத்த!" தமிழ்நாட்டு உப்பில் பெரும்பகுதி விளைகிற இடம் அடுத்த மாவட்டம்தான். ஆனால் கடல் உப்பில் சுண்ணாம்பும் மக்னீசியமும் தூசியும் கலந்திருக்கும். எதை எடுக்க உப்புப் போடுகிறோமோ அதையே கொண்டுபோய்ப் போட்ட கதையாகும். சமையல் தூள் உப்பில் அயோடினும் கட்டி தட்டாமலிருக்கச் சேர்க்கிற மருந்தும் இருக்கும், அதுவும் ஆகாது. நான் விளக்கினேன். அவர் நம்பவில்லை.

பித்தளைச் செம்பு விஷயத்தில் மட்டும் அவர் சொன்னதுதான் சரி. நாங்கள் மிஷினில் வைக்கப் போனபோது பிடுங்கிக்கொண்டு போய்ப் புளி போட்டுத் தேய்த்தார். மிஷின் சோப்பின் காரம் பித்தளையை மங்கடிக்கும், அலுமினியத்தைக் கறுக்கடிக்கும். இட்லிக் கொப்பரை அலுமினியமானால் அதையும் வெளியே எடுத்துவிடுங்கள்.

பெரியப்பா மாசி பிறந்ததும் ஊருக்குப் போனார். இப்போது வாரம் ஒருநாள் வடிகட்டியைக் கழுவுகிறேன். தேங்காய்ப்பால் சமையல் நடந்த அன்று தட்டையும் சட்டியையும் காகிதத்தால் வழித்துக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் அடுக்குகிறோம், சிங்கில் ஒரு குடம் கொதிநீரும் ஊற்றுகிறோம். உங்கள் வீட்டில் மிஷின் இருந்தால், இன்றைக்கே ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு சிங்குக்கு அடியில் குனிந்து, மிஷினின் வடிகுழாய் தரையில் கிடக்கிறதா, மேலே ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். தரையில் கிடந்தால் தூக்கிக் கட்டிவிடுங்கள். ஒரு கிளிப் பத்து ரூபாய்தான்.